உயிர்க்கோடு இல்லாத சமையல்காரன்

எண்ணிக்கொண்டே இருப்பார். டீக்கடைப் பெஞ்சில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தால் நான்கு. ஒருவர் எழுந்து எதிர்க்கடைக்குப் போனால் மூன்று. போனவர் திரும்பி வந்து உட்காரும்வரை இவருடைய டீ ஆறிக்கொண்டிருக்கும். சங்ககிரி பஸ்ஸில் ஏறினால் முன்படியில் நின்று ஒரு தரம், பின்பக்கம் போய் ஒரு தரம். விரலை நீட்டமாட்டார். தாடை மட்டும் லேசாக அசையும். பார்க்கிறவர்கள் வாயில் பாக்கு இருக்கிறது என்று நினைப்பார்கள். பாக்கு இல்லை. ஆட்கள் இருந்தார்கள்.

ஊரில் அவரை மேனேஜர் என்பார்கள். பெயர் எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கதையில் இன்னொரு மனிதர் வருகிறார், கூட இருந்த ஒன்பது பேரில் ஒருவருக்குக்கூட அவருடைய பெயர் தெரியாமல் போயிற்று. அவருக்கு இல்லாத பெயர் இவருக்கு மட்டும் எதற்கு?

நான் அப்போது திருச்செங்கோட்டில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். ஓரிடத்தில் உட்கார முடியாதவன் உட்கார்ந்தே செய்யவேண்டிய தொழில். ஒரு போனைத் திறந்து வைப்பேன், வாசலுக்குப் போவேன், மலையைப் பார்ப்பேன், வருவேன், ஸ்குரூ எங்கே போனதென்று தேடுவேன். அது ஆடி மாதம். ஆடியில் எங்கள் ஊருக்கு லாரிகள் திரும்பிவிடும். இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடப் போன ரிக் வண்டிகள், மழைக்கு வேலை இல்லாமல், சாலையோரக் காடுகளில் இரும்புக் கழுத்தை மடக்கிக்கொண்டு வரிசையாகப் படுத்திருக்கும். காற்று மண்ணை வாரி எல்லாவற்றின் மேலும் எறியும். அப்படி ஒரு மண்காற்றில்தான் அவர் உள்ளே வந்தார். கடையில் இருந்த எங்களை எண்ணினார். பிறகு ஒரு போனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஏனுங் தம்பி, இதுல ஆளப் புடிக்க முடியுங்களா?"

"எந்த ஆளுங்ணா?"

"இதுக்குச் சொந்தக்காரர."

"திருட்டுப் போனுங்களா?"

"போனு திருட்டு இல்லீங். ஆளத்தான் தொலைச்சுப்போட்டேன்."

சொன்னார். பதினெட்டு வருடம் ரிக் மேனேஜராக இருந்தவர். ரிக் என்றால் எப்போதும் ஜோடி லாரி. முன்னால் துளை போடுகிற வண்டி; பின்னால் குழாய், டீசல், அரிசி மூட்டை, ஆட்களின் பைகள் எல்லாவற்றையும் சுமக்கிற சப்போர்ட் வண்டி. ஒன்பது ஆட்கள், ஒரு சமையல்காரர். இரண்டு வருடத்துக்கு முன்னால் சத்தீஸ்கரில் ஒரு கரிசல் காடு. துளை முடிந்து ராடுகளைக் கழற்றும்போது மேற்கே கறுத்துவிட்டது. கரிசலில் மழை பிடித்தால் லாரி இறங்கிவிடும், பிறகு பதினைந்து நாளைக்கு யாராலும் எடுக்க முடியாது. "கெளம்பு, கெளம்பு" என்று மேனேஜர்தான் கத்தினார். சமையல்காரர் அப்போது குண்டாவைக் கழுவ ஓடைக்குப் போயிருந்தார். ரிக் வண்டியில் ஏறியவர்கள் அவர் சப்போர்ட் வண்டியில் இருப்பார் என்று நினைத்தார்கள். சப்போர்ட் வண்டியில் ஏறியவர்கள் அவர் ரிக் வண்டியில் இருப்பார் என்று நினைத்தார்கள். இரண்டு லாரியும் கிளம்பின.

"திரும்பி வாரப்ப ஓடையில தண்ணி எரைஞ்சுட்டுப் போகுதுங். ஆளு இல்ல. குண்டாவும் இல்ல. தண்ணி இழுத்துட்டுப் போச்சா, அவராப் போயிட்டாரா, ஒண்ணும் தெரியல. போலீஸ் டேசனுக்குப் போனோமுங். பேரென்னங்கறான். நாங்க ஒம்போது பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறோம். ஏழு மாசம் அவரு கையால உண்டிருக்கறோம். எல்லாருத்துக்கும் அவரு மாஸ்டரு. அவ்வளவுதானுங். சேலத்துல லாரி ஸ்டாண்டுல நின்னுட்டிருந்தாரு, டிரைவரு ஏத்திட்டு வந்தான். ஊரு வாழப்பாடிப் பக்கம்னாரு. மாஸ்டர்னே எழுதிக்கங்கன்னு சொன்னேன். அந்தாளு சிரிச்சான்."

சமையல்காரர் பேசுவதற்கு ஒரு பட்டன் போன் வைத்திருந்தார். அது அவரோடு போய்விட்டது. அன்றிலிருந்து அணைந்தே கிடக்கிறது. இந்தப் பெரிய போன் சப்போர்ட் வண்டியில், அவர் பையில், இரண்டு சட்டைக்கு நடுவில் கிடைத்தது.

"உசுரோட இருக்கறாருன்னு தெரிஞ்சாப் போதுமுங்" என்றார் மேனேஜர். பிறகு, "போதாது" என்றார்.

சார்ஜ் ஏற்றும் முனை உடைந்திருந்தது. மாற்றினேன். பூட்டு இல்லை, சிம் இல்லை. பெயர்கள் இல்லை, எண்கள் இல்லை. படங்கள் பதினொன்று இருந்தன, பதினொன்றும் அடுப்பு. மூன்று கல், தீ, குண்டா, கொதி. வெவ்வேறு மண். எல்லாப் படத்திலும் எங்கோ பின்னால், மங்கலாக, ரிக் வண்டி. பதினெட்டு வருடமாக இவர் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்த அதே காட்சி. இதில் அடுப்பு மட்டும் துல்லியமாக இருந்தது. மேனேஜர் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அவரு மூஞ்சி ஒண்ணுலயுமே இல்லீங்களே."

"எடுக்கறவரு படத்துல வரமாட்டாருங்ணா."

அவற்றைத் தவிர அந்தப் போனில் இருந்தது ஒரே ஒரு விளையாட்டு.

காணாமல் போன ஒரு ஆற்றைத் தேடி ஏழு பேர் போகிற கதை. ஒரு வாள்காரன், ஒரு வில்காரி, மந்திரம் தெரிந்த கிழவன், கதவு உடைக்கிற ராட்சசன், இப்படி ஏழு பேர். ஆடுகிறவர் அவர்களை நடத்திக்கொண்டு போகவேண்டும், சண்டை போடவேண்டும், ஆயுதம் தேடவேண்டும், பொழுது சாய்ந்தால் முகாம் அடிக்கவேண்டும். ஏழு பேர் தலைக்கு மேலும் பெயர் மிதக்கும். பெயருக்குக் கீழே ஒரு பச்சைக் கோடு, உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற கோடு. அடி வாங்கினால் குறையும், சிவக்கும், தீர்ந்தால் ஆள் விழுவான்.

இவர்களுக்குப் பின்னால் எட்டாவதாக ஒருவன் வந்துகொண்டிருந்தான். ஒல்லியாக, முதுகில் ஒரு பாத்திரம் கட்டிக்கொண்டு. தலைக்கு மேல் பெயர் இல்லை. சமையல்காரன் என்று மட்டும் ஆங்கிலத்தில். கோடும் இல்லை.

"இவனுக்கு ஏனுங் உசுருக்கோடு இல்ல?"

"சண்ட போடறவங்களுக்குத்தானுங்ணா கோடு."

"அப்ப இவன் சாகமாட்டானா?"

"சாகமாட்டான். இவன் கணக்குலயே இல்லீங்."

சொன்ன பிறகுதான் யாரிடம் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் தாடை அசைந்தது. ஏழு, எட்டு.

தினமும் வர ஆரம்பித்தார். ரிக் வேலையை விட்டுவிட்டு உதிரிபாகக் கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தார். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க என் கடையில்தான். ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரியும், அர்த்தம் தெரியாது. நான் படித்துச் சொல்லவேண்டும். வாள்காரன் பக்கம் பக்கமாகப் பேசுவான், தன் அப்பனைக் கொன்றவனைப் பற்றி. கிழவன் உலகம் எப்படி உண்டாயிற்று என்பான். "இதெல்லாம் உடுங் தம்பி. அவன் என்ன சொல்றான்?" என்பார் மேனேஜர்.

சமையல்காரனுக்கு மொத்தம் நான்கு வாக்கியம்தான். சூடாக இருக்கிறது. நாளைக்கு மழை வரும். எல்லாருக்கும் இருக்கிறது. கடைசியாக, ஏழு கிண்ணமும் கொடுத்து முடித்தபின், இருட்டைப் பார்த்து ஒன்று. அதை நான் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்லிவிட்டேன்: "இன்னும் ஆராச்சும் இருக்கறீங்களா?"

மேனேஜர் போனைக் கீழே வைத்தார். வெளியே போனார். அரை மணி நேரம் கழித்து வந்து, "இன்னொரு தரம் சொல்லுங்" என்றார்.

விளையாட்டை மாஸ்டர் விட்டுப்போன இடத்திலிருந்துதான் இவர் தொடர்ந்தார். மாஸ்டர் விசித்திரமாக ஆடியிருந்தார். ஏழு பேரின் ஆயுதமும் துரு. கேடயம் கிடையாது. பையைத் திறந்தால் உப்பு தொண்ணூற்றொன்பது, காய்ந்த மிளகு தொண்ணூற்றொன்பது, காளான், ஆற்றுமீன், காட்டுப்பூண்டு. அதற்குமேல் பை கொள்ளாது என்று எழுதியிருந்தது. உலகத்தைக் காப்பாற்றப் போன படையை மாஸ்டர் மளிகை வாங்க அனுப்பியிருந்தார்.

"நாங்க வாங்கிக் குடுத்த அரிசி புழுத்துக் கெடக்குமுங்" என்றார் மேனேஜர். "ஒரு வார்த்த சொன்னதில்ல. பொறுக்கிப் பொறுக்கி ஆக்கிப் போட்டாரு. இதுல பாருங், இஷ்டத்துக்குச் சேத்து வெச்சிருக்கறாரு."

நான் இணையத்தில் தேடினேன். வாள்காரனை வரைந்து வைத்திருந்தார்கள், வில்காரிக்குக் காதல் கவிதை எழுதியிருந்தார்கள், ராட்சசன் இறக்கிற இடத்தில் அழுதோம் என்று சண்டை போட்டிருந்தார்கள். சமையல்காரனைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கிடைத்தது. குறுகலான பாதையில் குறுக்கே நிற்கிறான், இவனை எப்படி நீக்குவது?

மேனேஜர் நீக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார். உலகத்தில் வேறு யாரும் அந்த நான்கு வாக்கியக்காரனை அப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதற்கு முதுகைக் கொடுத்துத்தான் அடுப்பு மூட்டுகிறான் என்று கண்டுபிடித்தார். யாருடைய கோடு மிகச் சிவந்திருக்கிறதோ அவருக்குத்தான் முதல் கிண்ணம் போகிறது என்றார். நாலைந்து முகாம் பார்த்தேன், உண்மை. மழை பெய்தால் தன் போர்வையை எடுத்துப் பாத்திரத்தின்மேல் போடுகிறான். ஒருநாள் சண்டையில் வில்காரி விழுந்துவிட்டாள், விடிந்தால்தான் எழுவாள். அன்றைக்கு முகாமில் சமையல்காரன் ஆறு கிண்ணம் கொடுத்தான், ஏழாவதையும் நிரப்பினான், நிரப்பி ஓரமாகக் கல்மேல் வைத்தான். தான் எடுக்கவில்லை.

"யாரோ ஒருத்தன் உக்காந்து இத ரோசன பண்ணி வெச்சிருக்கறான் பாருங்" என்றார். "பாக்கறதுக்கு ஆளில்லீன்னு தெரிஞ்சும் வெச்சிருக்கறான்."

பிறகு தணிந்த குரலில், "நாங்க உண்டு முடிச்சதுக்கப்பறம் மாஸ்டரு எங்க உக்காந்து உண்டாருன்னு எனக்கு நெனப்பே வரல தம்பி. ஏழு மாசம். ஒரு நாளு கூட நெனப்பு வரல."

இந்த விளையாட்டில் குதிரை உண்டு. குதிரையில் ஏறினால் ஒரு நாள் பயணம் ஒரு நிமிடத்தில் முடியும். மேனேஜர் ஏறவே இல்லை. ஏறினால் சமையல்காரன் பின்னால் சின்னதாகி மறைந்துபோகிறான். அடுத்த முகாமில் அடுப்போடு தயாராக நிற்பான். விளையாட்டின் ஏற்பாடு அப்படி. "நாம குருதையில வந்தோம், இவன் நடந்து வாரான். எப்படி முன்னால வந்தான்?" என்று கேட்டுவிட்டு, ஏழு வீரர்களையும் நடத்தியே கூட்டிக்கொண்டு போனார். பத்தடிக்கு ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்து. என் கடைக்கு வரும் கல்லூரிப் பையன்கள் மூன்று வாரத்தில் முடித்த விளையாட்டில், இவர் மூன்று மாதத்தில் முதல் சமவெளியைத் தாண்டவில்லை.

"அண்ணா படையெடுத்துப் போறாரா, ஆடு மேய்க்கப் போறாரா?" என்று ஒருவன் கேட்டான்.

"ஆடு மேய்க்கறவன் எண்ணாம ஊட்டுக்குப் போகமாட்டான் சாமி" என்றார்.

அவர் வீட்டுக்கு ஒருமுறை போயிருந்தேன். அவர் மனைவி தண்ணீர் கொடுத்துவிட்டு, அவர் காது கேட்கவே சொன்னாள்: "ஊர்த்தல பூராம் எண்ணறாருங் தம்பி. ஊட்டுல நான் ஒருத்தி இருக்கறனேன்னு எப்பவாச்சும் எண்ணியிருக்கறாரான்னு கேளுங். அந்தப் பொட்டிக்குள்ளயே ஒரு ஊடு கட்டிக் குடுத்துருங், அங்கயே இருந்துக்கட்டும்."

"ரெண்டு" என்றார் மேனேஜர், அவளையும் என்னையும் பார்த்து. அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

வேடிக்கையாகத் தொடங்கியது எனக்கே பயமாகப் போன நாளும் உண்டு. நானும் அவரும் பஸ்ஸில் வெண்ணந்தூர் வழியாக ராசிபுரம் போய்க்கொண்டிருந்தோம். ஒரு நிறுத்தத்தில் ஒரு பெண் இறங்கித் தண்ணீர்ப் பாட்டில் வாங்கிக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்பிற்று. மேனேஜர் எழுந்து கத்தினார். கத்தல் என்று சொல்லமுடியாது, அடிபட்ட ஓசை. டிரைவர் பிரேக்கை மிதித்தார், நின்றிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். "ஒரு ஆளு எறங்கி இருக்குதுங், ஒரு ஆளு ஏறல!" கண்டக்டர் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "யோவ், அந்தம்மா ஊரே அதான்யா" என்றார். பஸ்ஸே சிரித்தது. மேனேஜர் நின்றபடியே, "அவங்க ஊடு போயிச் சேருறத நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார். சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வாழப்பாடிக்குப் போய்விடுவார். சந்தையில், டீக்கடையில், மண்டப வாசலில் விசாரிப்பார். ரிக்குல சமைச்சவரு ஒருத்தரு. பேரு? தெரியாதுங். வயசு? அம்பது இருக்கும்ங்க. அடையாளம்? இந்த இடத்தில் அவர் திணறிப் போவார். உயரமா குள்ளமா என்று கேட்டால், "குனிஞ்சுதானுங் பாத்திருக்கறேன்" என்பார்.

ஐப்பசி வாக்கில் விளையாட்டில் ஒரு பெரிய நீர் வந்தது. படகு. படகில் ஏழு பேருக்குத்தான் இடம் என்று படகோட்டி சொன்னான். சமையல்காரன் கரையில் நின்றான். மேனேஜரும் நின்றுவிட்டார். நாள்கணக்கில். ஏழு வீரர்களும் கரையில் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு அது தாங்கவில்லை. நிற்கிற எதையும் பார்த்தால் எனக்கு உடம்பு அரிக்கும்.

"ஏறுங்ணா. அந்தப் பக்கம் போனா அவன் வந்து நிப்பான். விளையாட்டு அப்படித்தான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாருத்துக்கும் அப்படித்தானுங் வந்திருக்குது."

"நாங்களும் அப்படித்தானுங் நெனச்சோம்" என்றார். "அந்த வண்டியில இருப்பாருன்னு."

அடுத்த வாரம் போனின் பேட்டரி உப்பிவிட்டது. மாற்றித் தரும்படி கொடுத்துவிட்டுப் போனார். மாற்றினேன். சோதித்துப் பார்க்க விளையாட்டைத் திறந்தேன். கரை, படகு, ஏழு பேர், அவன். என் விரல் சும்மா இருக்கவில்லை. படகில் ஏற்றினேன். நீர் விலகிற்று. கரையில் அவன் சிறுத்துக்கொண்டே போனான், கையசைக்கவில்லை, அவனுக்குக் கையசைக்கத் தெரியாது. அக்கரையில் முகாம் அடித்தேன். அவன் இருந்தான். தீ எரிந்துகொண்டிருந்தது. சூடாக இருக்கிறது என்றான். சின்னப்பிள்ளைபோல் சந்தோஷப்பட்டேன். மதியம் மேனேஜர் வந்ததும் காட்டினேன். "பாத்தீங்களா, வந்துட்டான்!"

அவர் போனை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார்.

"இருக்கறான் சரி. எப்படி வந்தான்னு கேட்டீங்களா?"

"அவங்கிட்டக் கேக்கற வசதி இல்லீங்ணா."

"இல்லீன்னு தெரிஞ்சும் ஏறுனீங்க."

போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு மாதம் வரவில்லை. அந்த மாதம் நான் செய்த எந்த வேலையும் சரியாக ஒட்டவில்லை. ஒட்டிய கண்ணாடியெல்லாம் குமிழ் விட்டது. வாசலுக்குப் போய்ப் போய் வந்தேன். நான் செய்தது ஒன்றுமே இல்லை, ஒரு பொம்மைப் படகு. ஆனாலும் யாரையோ கரையில் விட்டுவிட்டு வந்தவனைப்போலத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஒரு மனிதர் வருடக்கணக்காகப் பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கார்த்திகை முகூர்த்த நாள்கள் தொடங்கின. கல்யாண மண்டபங்களுக்குப் பூ அலங்காரம் செய்கிற ஒருவர், அம்மாபேட்டைக்காரர், உடைந்த போனோடு வந்தார். வேலை ஆகும்வரை பேசிக்கொண்டே இருந்தார். அலங்காரக்காரர்கள் எல்லா மண்டபத்துக் கதையும் வைத்திருப்பார்கள்.

"வாழப்பாடில இந்த சீசன்ல புதுசா ஒரு மாஸ்டர் வந்திருக்காருங்க. ரசம் வச்சா கையைக் கழுவ மனசு வராது. ஆனா அவரு கதையைக் கேட்டீங்கன்னா சிரிச்சே செத்துருவீங்க. முன்ன ரிக்கு வண்டியில சமைச்சாராம். ஏதோ வடக்க காட்டுல இவரு பாத்திரம் கழுவப் போயிருக்காரு, ஆளை விட்டுட்டு ரெண்டு லாரிக்காரனும் போயிட்டானுங்களாம்! இவரு குண்டாவத் தலையில கவுத்துக்கிட்டு ரயில் ஏறி வந்தாராம். தொப்பி போட்டிருக்காருன்னு டிக்கெட் கேக்காம விட்டுட்டானாம்."

அவர் சிரித்தார். நான் போனை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். உதிரிபாகக் கடைக்கு ஓடினேன். மேனேஜர் இரும்புக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார்.

"உசுரோட இருக்கறாருங்ணா."

யார் என்று அவர் கேட்கவில்லை. எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

அடுத்த முகூர்த்தத்தன்று வாழப்பாடிக்குப் போனோம். வழியெல்லாம் என்ன பேசுவதென்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். மன்னிச்சுக்கங்க மாஸ்டரு என்று தொடங்கிப் பார்த்தார். நாங்க உடனே திரும்பிட்டோமுங் என்று ஒன்று. மழ வந்துருச்சுங் என்று ஒன்று. ஒன்றும் ஒட்டவில்லை. அயோத்தியாப்பட்டணம் தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டார்.

மண்டபத்தில் கடைசிப் பந்தி முடிந்திருந்தது. நாங்கள் முன்வாசலில் சந்தனத்தை எடுத்துக்கொள்ளாமல் பின்பக்கம் சுற்றிப் போனோம். தகரக் கொட்டகை, ஈர விறகுப் புகை, மலைபோல வெங்காயத் தோல். நாலைந்து பெண்கள் மாலை வரவேற்புக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். கவிழ்த்துப் போட்ட ஒரு குண்டாமேல் உட்கார்ந்து ஒருவர் இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தார். நல்ல உயரம். இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு, பத்தடி தூரத்திலேயே தெரிகிற தழும்பு.

"மேனேஜரா?" என்றார்.

"ஆமாஞ் சாமி."

மேனேஜர் கும்பிட்டார். கும்பிட்ட கை இறங்கவில்லை. மாஸ்டர் அவசரப்படாமல் சாப்பிட்டு முடித்தார், இலையை மடித்தார், கையைக் கழுவினார், துண்டில் துடைத்தார். மேனேஜர் போனை நீட்டினார். மாஸ்டர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சார்ஜ் நிக்குதா?"

"புது பேட்டரிங்" என்றேன் நான்.

"மாஸ்டரு, ஓடையில தண்ணி வந்துருச்சு, உங்கள இழுத்துட்டுப் போயிருச்சோன்னு..." என்று தொடங்கினார் மேனேஜர்.

"தண்ணி அப்புறம்தான் வந்துச்சு" என்றார் மாஸ்டர். "நீங்க கெளம்பறப்ப நான் மேட்டுல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். ரெண்டு வண்டியும் முக்கி முனகிக்கிட்டு ஏறுச்சு. கத்தியிருந்தா கேட்டிருக்கும். கத்தல."

"ஏனுங் கத்தல?"

"எப்பத் தெரியுதுன்னு பாக்கலாம்னு."

வெங்காயம் உரித்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். மாஸ்டர் கோபமாகச் சொல்லவில்லை. வெகுநாளாக எடைபோட்டுப் பார்த்த ஒன்றைச் சொல்வதுபோல் சொன்னார்.

"மழை புடிச்சதும் எதிர் மேட்டுல இருந்த சாளைக் குடிசைக்குப் போயிட்டேன். நீங்க திரும்பி வந்ததும் தெரியும், தேடினதும் தெரியும். வெளிய வரல. ஆனா அது ஒண்ணு மட்டும் தெரியல எனக்கு. எப்பத் தெரிஞ்சுது?"

நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் வாய் திறந்தது. உடனே தெரிஞ்சுதுங் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லிவிடட்டும் என்றும் நினைத்தேன். யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு டயர் பஞ்சரானபோது என்று சொல்லலாம். தார் ரோட்டில் ஏறியபோது என்று சொல்லலாம். அவர் தாடை அசையவில்லை.

"பசிச்சப்பங்" என்றார்.



"தொண்ணூறு கிலோமீட்டரு போயிருந்தோமுங். எல்லாருத்துக்கும் பசி. அப்பறந்தான் எங்க மாஸ்டருன்னு ஒருத்தன் கேட்டான். நான் கேக்கல. நான் சோறு ஆச்சான்னுதான் கேட்டேன்."

மாஸ்டர் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "பொய் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

நாங்கள் வெங்காயத் தோல்மேல் நின்றுகொண்டிருந்தோம். போவதா இருப்பதா தெரியவில்லை. எனக்குக் கால் பரபரத்தது. உரித்துக்கொண்டிருந்தவர்களில் மூத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அது வெங்காயத்தால்தான், எங்களைப் பார்த்துக் கேட்டாள்: "யாருங்க நீங்க? பொண்ணு வீடா, மாப்ள வீடா?"

"ரெண்டும் இல்லீங்" என்றார் மேனேஜர். "சமையக்காரரப் பாக்க வந்தோமுங்."

"கல்யாண மண்டபத்துக்கு வந்து சமையக்காரரப் பாக்கவா?" அவள் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். அவள் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "அண்ணே! உன்னையப் பாக்கத்தான் வந்தாங்களாம், ஊரு விட்டு ஊரு!"

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் நின்றது.

"தெரியும்" என்றது குரல். "நிக்கச் சொல்லு."

நின்றோம்.